பாலுக்கு முன்னே கதகதப்பு

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பூனைகளில் இரண்டு சாதி உண்டு. சுவரில் இருப்பவை ஒன்று, சுவருக்குக் கீழே இருப்பவை இன்னொன்று.

சுவரில் இருப்பவற்றுக்கு நல்ல வாழ்வு. 2013ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவின்போது, தெருவில் திரியும் விலங்குகளுக்காகக் குரல் கொடுக்கும் ஓவியர்கள் சிலர் ஒன்றுகூடி, ‘101 தொலைந்த பூனைக்குட்டிகள்’ என்ற பெயரில் நகரச் சுவர்களில் பூனைகளை வரைந்தார்கள். ஆர்மேனியன் தெருவை ஒட்டிய சந்தில் ‘ஸ்கிப்பி’ என்ற பூனை ஆளைவிடப் பெரிதாகச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆ குவீ தெருப் பக்கம் புரூஸ் லீ ஒரு பூனையை உதைக்கிறார். நிஜமான புரூஸ் லீ இப்படிச் செய்யமாட்டார் என்பது அந்த ஓவியத்தின் தலைப்பு. பயணிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சுவருக்குக் கீழே, கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில், காலி அட்டைப்பெட்டி ஒன்றில் ஒரு தாய்ப்பூனை குட்டி போட்டிருக்கும். இந்த நகரத்தில் இது எந்த மாதமும் நடக்கக்கூடிய காட்சி. நான்கு குட்டிகள் என்றால் மூன்று தாயின் வயிற்றில் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்காவது ஓர் ஓரமாகக் கிடக்கும். எடுத்துக் காம்பில் வைத்தால் வாயைத் திறக்காது. திறந்தாலும் இரண்டு முறை சப்பிவிட்டுத் தலையைத் தொங்கப்போடும். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். “டின் பாலைக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஊத்துங்க அக்கா.” “ஆட்டுப்பால்தான் நல்லது.” “வாயைப் பிடிச்சுத் திறந்து ஊட்டுங்க, தானா முழுங்கும்.”

தாய்ப்பால் போதாமல் மெலிந்து வாடும் பிள்ளையைச் ‘சவலை’ என்று தமிழில் சொல்வார்கள். இந்த நான்காவது குட்டி அசல் சவலை. ஆனால் அதன் அந்த நேரத்துக் குறை பால் அல்ல என்பதுதான் பலருக்கும் எட்டாத செய்தி. தொட்டுப் பார்த்தால் குட்டி சில்லென்று இருக்கும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் ஊட்டுவது உதவி ஆகாது. சில நேரம் அதுவே அதைக் கொன்றுவிடும்.

பினாங்கில் குளிரா என்று சிரிக்கத் தோன்றும். பகலில் 31, 32 டிகிரி. நள்ளிரவில்கூட 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மனிதருக்கு அது புழுக்கம். பிறந்த பூனைக்குட்டியின் கணக்கு வேறு. அதன் எடை சுமார் 100 கிராம், ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். தோல் வழியே வெப்பமும் அதே வேகத்தில் வெளியேறும். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது. பிறந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குப் பூனைக்குட்டிக்கு நடுங்கவே தெரியாது. தோளுக்கு இடையில் உள்ள கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு, தாயின் வயிறு, கூடப் பிறந்தவற்றின் உடம்பு, இவைதான் அதன் அடுப்பு. முதல் வாரத்தில் அதைச் சுற்றியுள்ள காற்று 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவம் சொல்லும் அளவு. மழை பெய்து ஓய்ந்த இரவில் அஞ்சடியின் சிமெண்டுத் தரையையும் கடற்கரைக் காற்றையும் நினைத்துப் பார்த்தால், தாயின் வயிற்றிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் குட்டி எந்த நிலையில் இருக்கும் என்பது புரியும். இரக்கப்பட்டு வீட்டுக்குள் தூக்கி வந்து குளிர்சாதன அறையில் வைப்பவர்களும் உண்டு. அது அஞ்சடியைவிட மோசம்.

பிறந்த குட்டியின் உடல் வெப்பம் முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரி வரை இருப்பது இயல்பு. அது 34 டிகிரி அளவுக்கு இறங்கினால் ஒவ்வொன்றாக விளக்கு அணைகிறது. இதயத் துடிப்பு தளர்கிறது. சப்பும் அனிச்சைச் செயல் மங்குகிறது. குடல் அசைவது நின்றுபோகிறது. அசையாத குடலில் ஊற்றிய பால் செரிக்காமல் தேங்கி, வயிறு உப்பி, மேலே எதுக்களித்து வந்து மூச்சுக்குழாயில் புகும். குட்டி வாயைத் திறக்காமல் கிடக்கிறது. அதைப் பிடிவாதம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் குளிர்ந்த அந்த உடம்பால் சப்ப முடியவில்லை.

அப்படியானால் முதல் வேலை சூடேற்றுவது. அதுவும் மெதுவாக, ஒரு மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு. வெந்நீர்ப் போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். மறுபக்கம் வெறுமனே இருக்க வேண்டும், சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டுமே. போத்தலுக்கும் தோலுக்கும் இடையில் துணி இல்லாவிட்டால் வெந்துவிடும். சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது இன்னும் பழைய முறை. மின்சாரமோ போத்தலோ வேண்டாத முறையும்கூட. குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, சில மணி நேரப் பட்டினியில் தீர்ந்துவிடும். ஆகவே சூடேறும்போதே குளுக்கோஸ் கரைத்த நீரை விரலில் தொட்டு ஈறில் ஓரிரு சொட்டு தடவச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். பிறகு சுண்டுவிரல் நுனியை வாயில் வைத்துப் பார்க்கலாம். நாக்கு குழிந்து விரலைச் சுற்றி இழுத்தால் குட்டி பாலுக்குத் தயார்.

கண் திறக்காத, காது கேட்காத ஓர் உயிர் காம்பை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்வியோடு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோசன்பிளாட், டர்கெவிட்ஸ், ஷ்னெய்ர்லா ஆகிய மூவர் 1960களில் குட்டிகளைக் கூண்டின் ஒரு மூலையிலிருந்து எடுத்து வேறு மூலையில் விட்டுப் பார்த்தார்கள். கண் மூடிய குட்டிகள் தவழ்ந்து தவழ்ந்து பழைய படுக்கைப் பக்கம் வந்து சேர்ந்தன. வந்ததும் கத்தல் அடங்கியது. கூண்டின் தரையைக் கழுவிவிட்டால் வழி தவறிக் கதறின. வாசனைதான் அவற்றின் வரைபடம். பின்னர் 1978இல் ரோசன்பிளாட்டும் ஃபிரீமனும் அந்த வாசனையோடு வெப்பமும் சேர்ந்து வழி காட்டுவதை ஆராய்ந்தார்கள். 2009இல் மெக்சிகோவில் ராய்ஹானி, ஹட்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அதுவரை ஒரு தடவைகூடப் பால் குடித்திராத குட்டிகளும், பால் சுரக்கும் பூனையின் வயிற்றில் விட்டால் காம்பைத் தேடிப் பிடித்தன. பால் சுரக்காத பூனையின் வயிற்றில் அப்படிப் பிடிக்க முடியவில்லை. அதாவது, குட்டியை அழைக்கும் வாசனை தாயின் உடலிலேயே சுரக்கிறது; அதைப் பின்தொடரும் திறமையோடுதான் குட்டியும் பிறக்கிறது.

இதிலிருந்து வீட்டுக்கு உதவும் ஒரு பாடம்: அழுக்காகிவிட்டது என்று பெட்டியில் உள்ள துணி அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடக் கூடாது. பழைய துணியில் ஒரு துண்டாவது உள்ளே இருக்கட்டும். தாயின் வயிற்றைச் சோப்புப் போட்டுத் துடைப்பதும் வேண்டாம்.

வைணவத்தில் மார்ச்சார நியாயம் என்று ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும். இறைவனின் அருளுக்குத் தென்கலையார் காட்டும் உவமை இது. பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு தொங்குவதைப் பார்த்தவர்கள் உவமையின் அழகை மறுக்கமாட்டார்கள். ஆனால் பால் குடிக்கும் இடத்தில் கதை மாறுகிறது. தாய் பக்கவாட்டில் படுத்து வயிற்றைக் காட்டுவதோடு சரி. தவழ்வது, முட்டித் தேடுவது, கவ்வுவது, முன்னங்கால்களால் பிசைந்து பாலை இறக்குவது எல்லாமே குட்டியின் பாடு. சவலைக் குட்டி தோற்பது இந்த இடத்தில்தான்.

போட்டியும் உண்டு. பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். குட்டிகள் கிடைத்ததில் குடிக்கும் என்றுதான் நினைப்போம். ஆர். எஃப். யூவர் என்ற விலங்கியல் அறிஞர் 1950களின் இறுதியில் கவனித்தது வேறு: பிறந்த சில நாட்களிலேயே பல குட்டிகள் ஆளுக்கொரு காம்பைத் தமதாக்கிக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே தேடிப் போகின்றன. யாரும் சப்பாத காம்பு சில நாட்களில் வற்றிவிடும். பலவீனமான குட்டி முதல் இரண்டு மூன்று நாட்கள் பின்தங்கினால், பிறகு அது தெம்பாகி வரும்போது பந்தியில் இடம் இருக்காது. ஆகவே சூடேறிய குட்டியைத் தாயிடமே கொண்டுபோய், மற்றவற்றைப் பத்து நிமிடம் ஒதுக்கிவைத்து, பின்வரிசைக் காம்பு ஒன்றைச் சற்றுப் பிதுக்கி அதன் உதட்டில் ஒரு சொட்டுப் படச் செய்வது நல்லது. புட்டிப்பாலுக்கு ஓடுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இது. மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம்.

பிறந்த முதல் நாளே தாயிடம் குடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி நஞ்சுக்கொடி வழியே வயிற்றில் இருக்கும்போதே வந்துவிடுகிறது. பூனையின் நஞ்சுக்கொடி அமைப்பு அப்படி விடுவதில்லை. மிகக் கொஞ்சமே கடக்கிறது. மீதியெல்லாம் சீம்பாலில். அதை முழுசாக உறிஞ்சும் கதவு குட்டியின் குடலில் பிறந்த சுமார் 16 மணி நேரத்தில் சாத்திக்கொள்கிறது. அதற்குள் குடிக்காத குட்டிக்குப் பிறகு எத்தனை புட்டி கொடுத்தாலும் அந்தக் கவசம் வராது. தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான பெரிய பூனையின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, இரத்த வகை பார்த்து, தோலுக்கடியில் செலுத்தி ஓரளவு ஈடுகட்ட மருத்துவர்களால் முடியும்.

சூடேற்றியும் குடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் மேலண்ணம் இளஞ்சிவப்பாக, முழுசாகத் தெரிய வேண்டும். நடுவே பிளவு இருந்தால் சப்பும்போது உறிஞ்சும் அழுத்தமே உண்டாகாது. பால் மூக்கு வழியே குமிழியிட்டு வரும். பிறவியிலேயே வரும் குறை அது. படைக்கு மனிதரும் பூனைகளும் உட்கொள்ளும் கிரிசியோஃபுல்வின் மருந்தைச் சினைப்பூனைக்குக் கொடுத்தால் இந்தப் பிளவு உண்டாகும் என்பது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். தலை ஆடிக்கொண்டே காம்பைத் தவறவிடும் குட்டிகளும் உண்டு. தாய்க்குச் சினைக்காலத்தில் பூனைகளின் பார்வோ நோய் கண்டிருந்தால் குட்டியின் சிறுமூளை சரியாக வளராமல் போகும், தள்ளாட்டம் அதனால்தான்.

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குட்டி இரண்டாம் நாள் திடீரென்று துவண்டு, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அது இன்னொரு கதை. பூனைகளுக்கு ஏ, பி, ஏபி என்று இரத்த வகைகள் உண்டு. பி வகைத் தாயின் சீம்பாலில் ஏ வகைக்கு எதிரான பொருள்கள் இயல்பாகவே இருக்கும். ஏ வகைக் குட்டி அதைக் குடித்தால் அதன் சிவப்பணுக்கள் சிதைகின்றன. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற விலை உயர்ந்த சாதிப் பூனைகளில்தான் இது அதிகம், தெருப்பூனைகளில் குறைவு. தப்பிப் பிழைக்கும் குட்டிக்குச் சில நேரம் வால் நுனி கறுத்துக் காய்ந்து விழும். இங்கே ஒரு பினாங்குச் சிக்கல்: இந்த ஊர்ப் பூனைகளில் பலவற்றுக்கு வால் பிறவியிலேயே குட்டையாகவோ முடிச்சு விழுந்தோ இருக்கும். மலாய்த் தீவுகளிலிருந்து பர்மா வரை பூனை வால் இப்படித்தான் என்று டார்வினே 1868இல் எழுதிவைத்திருக்கிறார். ஆசியப் பூனைகளின் இந்தக் குட்டை வாலுக்கு எச்.இ.எஸ்.7 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் காரணம் என்று 2016இல் கண்டுபிடித்தார்கள். எனவே மடங்கிய வாலைக் கண்டு பதற வேண்டாம். கறுத்து உலர்ந்த வாலைக் கண்டால் பதறலாம்.

தெள்ளுப்பூச்சி தனியாகச் சொல்ல வேண்டிய எதிரி. 100 கிராம் உடம்பில் இரத்தம் ஓரிரு தேக்கரண்டிக்கு மேல் இருக்காது. நாலைந்து நாள் பூச்சிகள் மொய்த்தால் ஈறு வெளுத்து, சப்பத் தெம்பில்லாமல் குட்டி சுருண்டுவிடும். உடனே டெட்டால் கலந்த நீரில் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல எண்ணம், கெட்ட முடிவு. இத்தகைய ஃபீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் ஈரல் நொதி ஒன்று பூனைக் குடும்பத்தில் வேலை செய்வதில்லை; அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. குளிப்பாட்டினால் உடம்பும் குளிர்ந்துவிடும். சளி பிடித்திருக்கிறது என்று கோடாலித் தைலம் தடவுவதும் இதே ரகம். அதிலுள்ள கற்பூரமும் சாலிசிலேட்டும் மனிதருக்கு இதம், பூனைக்கு நஞ்சு. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து வளர்ந்த பூனையையே வீழ்த்தும். பல் நெருங்கிய சீப்பால் பொறுமையாக வாரி எடுப்பது மட்டுமே இந்த வயதில் பத்திரமான வழி.

இனி பாலுக்கு வரலாம். தாய் இல்லை, அல்லது தாயிடம் பால் இல்லை என்று உறுதியான பிறகுதான் புட்டி. உறுதி செய்துகொள்வதில் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். அஞ்சடியில் குட்டிகள் மட்டும் இருந்தால் தாய் இரை தேடிப் போயிருக்கலாம்; குட்டி போட்ட பூனை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதும் நாம் அறிந்ததுதானே. குட்டிகள் வெதுவெதுப்பாக, வயிறு உருண்டு, சத்தமின்றித் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பது மேல். சில்லிட்டு ஓயாமல் கத்தினால் காத்திருக்கக் கூடாது. ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. போன்ற காப்பகங்களில் கேட்டால், பால் கொடுக்கும் வேறொரு தாய்ப்பூனை அமையக்கூடும். அடுத்தவள் குட்டிக்குப் பால் கொடுப்பது பூனைகளிடம் புதுமை அல்ல. பண்ணைகளில் கூட்டமாக வாழும் பெண்பூனைகள் ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பாலூட்டுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோப்பிக்கடை டின் பாலில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை, வயிற்றுப்போக்கு நிச்சயம். பசும்பாலில் புரதம் ஏறக்குறைய 3.3 விழுக்காடு, பூனைப்பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கொழுப்பும் பூனைப்பாலில் கூடுதல். ஆட்டுப்பால் சற்றே எளிதில் செரித்தாலும் புரதக் கணக்கில் பசும்பாலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. டாரின் என்ற பொருளும் இருக்கிறது. பூனையின் உடம்பு தனக்கு வேண்டிய டாரினைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது; அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயத் தசை தளரும் என்று 1987இலும் ஆய்வுகள் காட்டின. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவுதான் சரி.

அளவு ஆச்சரியப்படுத்தும். 100 கிராம் குட்டிக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 20 கலோரி. மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி தரும் பால் என்றால் 20 மி.லி.; எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு அரைத் தேக்கரண்டி. வயிற்றின் கொள்ளளவே 4 மி.லி. அளவுதான். இரவு பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் விழித்தெழுந்து அரைத் தேக்கரண்டி பால் ஊட்டுவது யாருக்கும் எளிதல்ல. அமெரிக்காவின் சான் டியாகோவில் இதற்கென்றே ஒரு காப்பகம் 2009 முதல் இருபத்து நான்கு மணி நேரப் பிரிவு ஒன்றை நடத்துகிறது.

மனிதக் குழந்தைபோல் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போய்விடும்; அதனால் வரும் நுரையீரல் அழற்சியில் குட்டி பிழைப்பது கடினம். தாயிடம் குடிப்பதுபோலவே வயிறு கீழே, தலை சற்று நிமிர்ந்து இருக்க வேண்டும். புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. சிரிஞ்சால் பீய்ச்சுவதைவிடச் சப்பவிடுவது எப்போதும் மேல். சப்பவே முடியாத குட்டிக்கு மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா எலும்புவரை அளந்த மெல்லிய குழாயை வாய் வழியே வயிற்றுக்குள் விட்டு ஊட்டுவார்கள். அதை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை நீவிவிட வேண்டும். தாயின் நாக்குக்கு அது பதில். ஏறக்குறைய மூன்று வாரம்வரை அந்தத் தூண்டுதல் இல்லாமல் குட்டிக்குச் சிறுநீர் போகத் தெரியாது.

குட்டி தேறுகிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சமையலறைத் தராசு சொல்லும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து நாள்காட்டித் தாளில் எழுதிவந்தால் 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றாலே கவனம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே மருத்துவர். இறந்துபோகும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே இறக்கின்றன. எவ்வளவு கவனித்தாலும் சில வாடிப்போகும்.

தாண்டிவந்தவை ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கின்றன. மூன்றாம் வாரத்தில் பால்பற்கள் முளைக்கும்போது புட்டியின் ரப்பர்க் காம்பைத்தான் முதலில் பதம் பார்க்கின்றன. ஒவ்வொரு வேளையும் காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. கிழிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், கடித்த துண்டை விழுங்கிவிடும்.